லிம் ஆன்ட்டியின் கட்டில்

1

என் தம்பி வரதன் அனுப்பிய இரண்டு படங்களிலும் பல்லி ஒரே இடத்தில் இருந்தது.

முதல் படம் சித்திரையில் வந்தது, இரண்டாவது ஆவணியில். "இப்பத்தாண்ணே எடுத்தேன், நல்லாப் பாத்துக்கிடுங்க" என்று குரலும் பதிந்து அனுப்பியிருந்தான். படத்தில் ராஜபாளையத்தில் நான் கட்டிய வீட்டின் மாடி அறை. நடுவே ஒரு கருத்த சீனக் கட்டில். மேலே மரத்தாலான விதானம், சுற்றிலும் செதுக்கு வேலை. கட்டிலுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில், விதானத்தின் மூலைக்குச் சற்று மேலே, வாலை வலப்பக்கம் வளைத்தபடி ஒரு பல்லி. சித்திரையில் இருந்த அதே வளைவு ஆவணியிலும் இருந்தது.

கண்டுபிடித்தவள் என் மகள் கயல். "அப்பா, இது செத்த பல்லி, இல்லன்னா பழைய போட்டோ" என்றாள். சொல்லிவிட்டுத் தன் போனுக்குள் போய்விட்டாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவே இல்லை.

நான் சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த பிறகும் மோந்து பார்ப்பேன். பினாங்குக்கு வந்து, தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலையில் சேர்ந்த பிறகு இந்தக் குணம் முற்றிவிட்டது. சத்தம் சரியாக இருந்தாலும் உள்ளே ஏதோ தேய்கிறது என்று நினைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு நான் கோர்ட்டுல சாட்சிக் கூண்டுலயே குடியிருக்கலாம்" என்பாள் என் மனைவி கோமதி.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் அண்ணனோ மாமனோ ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "மழை பெஞ்சுதா? மாடியில ஒழுகுதா?" என்று கேட்டால் அது வெறும் பாசம் இல்லை. பாதி விசாரணை. நீங்கள் பதில் சொல்கிற நேரத்தில் நாங்கள் பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று பார்ப்போம். புது பைக் கிளம்புகிற ஓசை கேட்டால் மனசு ஒரு கணக்குப் போடும். நான் கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில்தான் வரதன் குடும்பம். போன மாதம் அங்கே அப்படி ஓர் ஓசை கேட்டது.

கட்டில் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். விற்றுவிட்டான். யாருக்கு விற்றான் என்பதுதான் தெரியவில்லை.

2

அந்தக் கட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் கூச்சம்தான். அது லிம் ஆன்ட்டியினுடையது.

பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர் அவர். எண்பதைத் தாண்டிய சீன அம்மாள். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான். எனக்கு அவருடைய ஹொக்கியன் சீனம் வராது. இருவரும் அரைகுறை மலாயில் பேசிக்கொள்வோம். ஒரு தடவை "உங்கள் கணவர் எப்போது காலமானார்" என்று மரியாதையாகக் கேட்பதாக நினைத்து, "உங்கள் கணவர் எப்போது கெட்டுப்போனார்" என்று கேட்டுவிட்டேன். அவர் யோசித்துப் பார்த்து, "கல்யாணத்துக்கு முன்னாலேயே" என்றார். அதிலிருந்து சிநேகம். கட்டிலுக்கு மலாயிலும் காத்தில்தான். அந்த ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்ததே இல்லை.

கட்டில் அவருடைய மாமியார் வீட்டுச் சொத்து. சீனாவிலிருந்து கப்பலில் வந்தது. அவர் மணப்பெண்ணாக வந்து ஏறிய கட்டிலும் அதுதான், அவருடைய கணவர் கடைசி மூச்சு விட்டதும் அதில்தான். இரும்பு மாதிரி கனக்கும் மரம். ஓர் ஆணி கிடையாது. பலகையும் சட்டமும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, ஆப்பு வைத்து நிற்கும். முன்னால் இருக்கும் இரண்டு தூண்களில் டிராகன்கள் சுற்றி ஏறும். பக்கப் பலகைகளில் பிளந்த மாதுளை, பீச் பழம், நெற்றி புடைத்த ஒரு கிழவர், மூலைக்கு மூலை வௌவால். வௌவால் சீனர்களுக்கு நல்ல சகுனமாம். நமக்கு வௌவால் என்றால் விளக்கு ஏற்றாத மண்டபம்தான் ஞாபகம் வரும். "எல்லாம் நல்லதற்குத்தான் செதுக்கினார்கள். மாதுளை பிள்ளைகளுக்கு, பீச் ஆயுளுக்கு. எனக்குப் பிள்ளை ஒன்றுதான், ஆயுள்தான் கூடிப்போயிற்று" என்று சிரித்தார் ஆன்ட்டி.

முன் சட்டத்தில் இரண்டு பறவைகள், நடுவே ஒரு பூங்கொடி. அந்தக் கொடியில் ஓர் இடத்தில் மட்டும் பூக்களெல்லாம் மழுங்கி வழுவழுவென்று இருக்கும். புதுப்பெண்ணாக எழுந்த முதல் காலையிலிருந்து ஆன்ட்டி தினமும் உட்கார்ந்து, காலால் துழாவிச் செருப்பைத் தேடும் இடம் அது.

மகன் அவரை அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப்போக முடிவு செய்தான். அங்கே கூரை தாழ்வு, கட்டில் நிற்காது. பழைய சாமான் வியாபாரிகள் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவனும் கட்டிலைப் பார்க்கவில்லை, பலகைகளைத்தான் பார்த்தார்கள் என்றார் ஆன்ட்டி. அவர்களுக்குக் கட்டில் வேண்டாம். கழற்றி, செதுக்குப் பலகைகளைத் தனித்தனியாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓட்டல் சுவர்களுக்கு விற்பார்கள்.

"என் கட்டில் சுவரில் தொங்கக் கூடாது. அதில் ஆள் படுக்க வேண்டும்" என்றார்.

நான் ஊரில் வீடு கட்டி முடித்திருந்த சமயம். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போய்விடுவது என்று எண்ணம். கப்பலில் சில சாமான்கள் அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. "எங்கள் வீட்டில் போடுகிறேன். நாங்கள் படுப்போம், என் மகள் படுப்பாள்" என்றேன். ஆன்ட்டியின் கையில் சீனர் வழக்கப்படி பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைக் கொடுத்துக் கட்டிலை வாங்கிக்கொண்டேன். ராஜபாளையத்தில் போய்ப் படுக்கப்போவது யார் என்று கயல் அப்போதே சிரித்தாள். அவளுக்கு அந்த ஊர், தலை குளித்து உலர்த்துவதற்குள் திரும்பிவிடுகிற ஊர். அந்தச் சிரிப்பை ஆன்ட்டியும் பார்த்தார்.

"படம் அனுப்பு. அடிக்கடி அனுப்பு" என்றார். அப்போதே அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

3

தூத்துக்குடித் துறைமுகத்தில் கட்டில் கொஞ்ச நாள் கிடந்தது. காகிதத்தில் கட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறது, பெட்டியைத் திறந்தால் வெறும் பலகையாக இருக்கிறதே, இதில் கட்டில் எங்கே என்று கேட்டார்களாம். மரத்துக்குப் பூச்சி வராமல் புகை போட்ட சான்று, பழையது என்பதற்குச் சான்று என்று ஒவ்வொன்றாக அனுப்பி எடுத்தோம். எல்லா அசல் காகிதங்களையும் பினாங்குக்கே திருப்பி அனுப்பச் சொன்னேன். வரதன் ஒரு நகலாவது வேண்டும் என்று கேட்டான். "உனக்கெதுக்குலே அதெல்லாம், தொலைச்சிருவே" என்றேன். அவன் பேண்டேஜ் துணி நெய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவன். எதையும் தொலைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

முதல் படம் வந்ததும் ஆன்ட்டியிடம் காட்டினேன். "யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார். இன்னும் யாரும் இல்லை, நாங்கள் போகவேண்டும் என்றேன். அவர் படத்தை என்னிடம் நீட்டிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். அதற்குப் பிறகு மாதா மாதம் கேட்டார். நான் வரதனைக் கேட்டேன். வரதனுக்கு ஒரு மாதம் மாடியில் வெளிச்சம் இல்லை, இன்னொரு மாதம் சாவியைக் காணோம். வீடியோவில் கூப்பிட்டு "மாடிக்குப் போலே" என்றால் அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் போய்விடும்.

ஒரு கல்யாண விருந்துக்கு ஆன்ட்டியும் நாங்களும் ஒரே ஓட்டலுக்குப் போயிருந்தோம். வரவேற்பறைச் சுவரில் செதுக்கு வேலை செய்த பலகைகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். ஆன்ட்டி கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஒவ்வொரு பலகையின் விளிம்புக்குப் பின்னாலும் விரலை விட்டுத் தடவினார். மாதுளை இருந்த பலகையின் முன்னால் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து கயலிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். கயல் சீனப் பள்ளியில் படித்தவள். அவளும் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும்.

"என்ன சொன்னாங்க?"

"இது அவங்களோடது இல்லையாம். அடுத்த ஓட்டல்ல பாக்கணுமாம்."

ஒரு கிழவி என்னைத் திருடன் என்று நினைக்கிறாள். என் தம்பியைத் திருடன் என்று நான் நினைக்கிறேன். பிறகுதான் அந்த ஆவணிப் படமும் பல்லியும். ஆன்ட்டிக்கு அதைக் காட்டவே இல்லை. லீவு எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பினேன்.

4

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது புரட்டாசிச் சனிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போகிற பேருந்துகளில் அங்கே பக்கத்தில் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லார் நெற்றியிலும் நாமம். நான் மட்டும் சூட்கேசும் முகக்கடுப்புமாக ஆட்டோவில் ஏறினேன்.

கதவைத் திறந்தது வரதனின் மனைவி செண்பகம். கையில் துளசி மாலை. என்னைக் கண்டதும் அந்த மாலை கீழே விழுந்தது.

"வாங்கத்தான்! என்ன சொல்லாமக் கொள்ளாம? மதினி, பிள்ள எல்லாம்?"

"நான் மட்டும்தான். மாடிச் சாவி வேணும்."

"அது அவுககிட்டல்லா இருக்கு. முதல்ல செத்த நேரம் உக்காருங்க. காப்பி போடுதேன்."

"வரதன் எங்க?"

"காலையிலயே எங்க ஊருக்குப் போயிட்டாக. பஜனைமடத்துல இன்னைக்கு விசேசம். நானும் இப்ப அங்கதான் கெளம்புதேன்."

பேச்சு என்னிடம், கண் மாடிப்படியில். நான் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தேன். பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. வீட்டில் எல்லாப் பூட்டுக்கும் எனக்கு ஒரு சாவி உண்டு, அது அவர்களுக்குத் தெரியாது.

"அத்தான், நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க" என்று செண்பகம் பின்னாலேயே வந்தாள்.

அறையில் கட்டில் இல்லை. தரையில் நான்கு கால்கள் நின்ற இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. சுவரில் பல்லி இருந்தது, வேறு இடத்தில். என்னைக் கண்டதும் ஓடி ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"எந்த வியாபாரிக்குக் குடுத்தான்?" என்றேன்.

செண்பகத்தின் முகம் கறுத்துவிட்டது. "அவுக விக்கல" என்றாள். "நீங்க என்கூட வாங்க. கண்ணால பாத்துட்டுப் பொறவு பேசுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து வத்திராயிருப்புப் பேருந்து. வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. நான் மனதுக்குள் வரதனிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். அவன் என்ன பொய் சொல்வான், அதற்கு நான் எதைக் காட்டி மடக்குவேன் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். பல்லியின் இரண்டு படங்களும் போனில் தயாராக இருந்தன.

5

தென்னந்தோப்பை ஒட்டிய சின்ன பஜனைமடம். வாசலில் வாழைமரம், சீரியல் லைட், சர்க்கரைப் பொங்கல் வாசனை. உள்ளே கூட்டத்துக்கு மேலாக முதலில் தெரிந்தது விதானத்தின் மூலை. அந்த மூலையில் என் வௌவால்.

செருப்பைக் கழற்றவும் மறந்து நின்றேன்.

லிம் ஆன்ட்டியின் கட்டில் மடத்தின் நடுவே நின்றது. தூண்களில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். இரண்டு டிராகன்களுக்கும் நெற்றியில் நாமம். நெற்றி புடைத்த சீனக் கிழவருக்கும் நாமம், அவரை ஏதோ ஆழ்வார் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே சிவப்பு வெல்வெட் மெத்தை, திண்டு, அதன் மேல் பித்தளைப் பெருமாளும் தாயாரும். மேலே கொசுவலை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. பார்த்தவுடன் தெரிந்தது, வரதன் பட்டறைப் பேண்டேஜ் துணி.

பக்கத்தில் ஒரு பையன் தன் அம்மாவிடம், "ஆதிசேசனுக்கு எதுக்கும்மா காலு?" என்று கேட்டான். "வெளிநாட்டுச் சேசன்லே, அப்படித்தான் இருக்கும்" என்றாள் அவள். பெருமாளுக்குப் பாம்புதானே படுக்கை. தூணில் பாம்பு சுற்றிய ஒரு கட்டில் வந்தால் இந்த ஊரில் அதில் படுக்க வேறு யாருக்கு உரிமை இருக்கிறது?

பிறகுதான் முன் சட்டத்தைப் பார்த்தேன். மஞ்சள் எனாமல் பெயின்டில் கொட்டை எழுத்து: உபயம், ரா. கேசவன், பினாங்கு. கேசவன் நான்தான். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர் எழுதுகிற ஊர் நம்முடையது. எழுதியவர் செதுக்கு இல்லாத வழவழப்பான இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். பூ மழுங்கிய இடம். ஆன்ட்டி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்த இடம்.

வரதன் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தான். என்னைப் பார்த்தவன் ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. தோப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"வித்துட்டேன்னு நெனச்சீகளாண்ணே?"

"ஆமா."

"செண்பகம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." கரண்டியைத் தென்னைமரத்தில் சாத்தி வைத்தான். "கட்டிலப் பூட்ட ஒரு ஆசாரி வந்தாரு. ஒரு ஆப்பு இறங்கலன்னு லேசாச் சீவினாரு. உள்ள ரத்தச் சிவப்பு. 'என்னய்யா இது, செம்மரம் மாதிரில்லா இருக்கு'ன்னாரு. அம்புட்டுத்தான். மறுநாளு டீக்கடையில கேக்கான், வரதா, வீட்டுல செம்மரக் கட்டிலாமேன்னு. ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தன் பைக்குல வந்தான். ஆளு யாருன்னே தெரியல. ஆபீசரா, யாவாரியா, களவாணியா ஒண்ணும் தெரியல. 'செம்மரம் வச்சிருக்கீகளாமே, பாக்கலாமா'ன்னான். ஆளு இல்லன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். அன்னைக்கெல்லாம் எனக்கு வயித்தால போச்சு."

"வெளிநாட்டுலருந்து முறையா வந்ததுன்னு பேப்பரைக் காட்டவேண்டியதுதானே?"

"எந்தப் பேப்பர? எல்லாத்தையும் நீங்கதான வச்சிருக்கீக. ஒரு நகலு கேட்டதுக்கு உனக்கெதுக்குன்னீக."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட மனசில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பிருப்பீகளா? வித்துட்டுக் கத விடுதான்னுதான் சொல்லிருப்பீக."

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கட்டிலைக் கழற்றிப் பேண்டேஜ் துணியில் சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி விடிவதற்குள் இங்கே கொண்டுவந்துவிட்டானாம். பெருமாள் படுத்திருக்கிற கட்டிலை எவன் வந்து சுரண்டிப் பார்ப்பான் என்று அவன் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்ட புது பைக்கின் கதையையும் கேட்டேன். பட்டறை முதலாளியின் பைக், இவனிடம் நிறுத்துகிறார்.

மடத்தை நடத்துகிற ரெங்கையா வந்தார். தையல்காரர், தெலுங்குக்காரர், ஆர்மோனியம் வாசிப்பவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாகுந்தா சார்? நல்லா வச்சிருக்கோமா? வைகாசியிலருந்து பெருமாளு இதுலதான் பள்ளிகொள்ளுதாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புதுசுதான? வரதன் புதுசுன்னாரு. ஆளு யாரும் படுத்தது இல்லையே?"

வரதன் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். தாம்பத்தியம் நடந்த கட்டில், உயிர் போன கட்டில். சொன்னால் கட்டில் இன்றைக்கே தெருவுக்கு வரும். பிறகு பைக்கில் வந்தவன், வியாபாரி, ஓட்டல் சுவர்.

"பத்திரமா வச்சிருந்தது" என்றேன்.

நான் பால் பாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பொங்கலை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான் கட்டிலைப் பல பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன்.

6

பினாங்குக்குத் திரும்பியதும் ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். அவருடைய மகன் வீடு எங்கோ மேல்மாடியில். கீழே காவலாளி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். மொழிபெயர்ப்புக்காகக் கயலைக் கூட்டிப்போனேன்.

ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். படத்தை விரலால் விரித்து டிராகனைப் பார்த்தார், வௌவாலைப் பார்த்தார், மாதுளையைப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"படுத்திருப்பது யார்?"

"கடவுள்" என்றேன்.

"பக்கத்தில்?"

"அவர் மனைவி."

"ராத்திரியும் இங்கேதானா? இல்லை, படத்துக்காக வைத்ததா?"

"தினமும் பாட்டுப் பாடித் தூங்கவைத்து, காலையில் பாட்டுப் பாடித்தான் எழுப்புகிறார்கள்."

அவர் அந்த வெள்ளைத் துணியைக் காட்டினார். "இது கொசுவலைதானே?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகிற்று. "புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற கட்டில்தான் அது. சரிதான்."

அப்பாடா என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்போது அவருடைய விரல் கீழே இறங்கி மஞ்சள் எழுத்தின் மேல் நின்றது.

"இது என் இடம். இங்கே என்ன எழுதியிருக்கிறது?"

"எங்கள் ஊர் வழக்கம் ஆன்ட்டி. கொடுத்தவர் பெயரை எழுதுவது."

"கொடுத்தவர் பெயரா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் பெயரா எழுதியிருக்கிறார்கள்?"

நான் மலாயில் சொல் தேடத் தொடங்கினேன். அவர் போனைக் கயலிடம் நீட்டினார். "உன் அப்பா வேண்டாம். நீ படி."

கயல் மாலை வகுப்பில் படித்த தமிழை ஆறாம் வகுப்போடு விட்டவள். ஊரிலிருந்து வரும் பத்திரிகையைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவள் திரையில் விரலை வைத்தாள். "உ... ப... ய... ம்" என்று கூட்டினாள். அடுத்து "ரா" என்றாள். அடுத்த எழுத்துக்கு வந்ததும் நின்றாள். என் பெயரைப் படித்துவிட்டாள் என்பது அவள் கழுத்து விறைத்ததிலேயே தெரிந்துவிட்டது. முடிந்தது, ஆன்ட்டிக்கு இனி நான் திருடன்தான் என்று நினைத்தேன்.

"லிம் சியூ ஹூன், பினாங்கு" என்றாள் கயல்.

என் பெயரின் மேல் விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே சொன்னாள். ஆன்ட்டி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். இன்னொரு தடவையும் அதே நிதானத்தில், அதே இடங்களில் விரலை நிறுத்திப் படித்தாள். ஆன்ட்டி கட்டைவிரலால் அந்த மஞ்சள் எழுத்தைத் தடவினார். படம் விலகி ஓடியது. திரும்பக் கொண்டுவந்து திரும்பத் தடவினார்.

"உங்கள் எழுத்து உருண்டையாக அழகாக இருக்கிறது" என்று என்னிடம் சொன்னார். பிறகு முதல் முறையாக, படம் வேண்டும் என்று கேட்காமல் எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

காரில் கயலிடம், "ஏம்மா பொய் சொன்னே?" என்றேன்.

"நான் சொன்னது சரிதாம்பா. அங்க எழுதியிருக்கிறதுதான் தப்பு."

7

அன்றைக்கே ரெங்கையாவைக் கூப்பிட்டேன். வரதன் மூலமாகச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பழைய கட்டில், ஒரு சீன அம்மாளின் கல்யாணக் கட்டில், அவருடைய கணவர் உயிர் போனதும் அதிலேதான், அவர் பெயரைத்தான் எழுதவேண்டும், என் பெயரை அழித்துவிடுங்கள். முடியாது என்றால் கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், யார்மேலும் எனக்கு வருத்தமில்லை என்றேன். கடைசியில் சொன்னது பொய். வருத்தப்பட்டிருப்பேன்.

மறுமுனையில் தையல் எந்திரம் ஓடி நின்றது.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார். "சும்மா வச்சிருந்த கட்டிலுல ஒரு எடத்துல மட்டும் பூ தேயுமா? ஒரு ஆளு எம்புட்டோ காலமா உக்காந்து எந்திரிச்ச எடம் அது. நாங்க என்ன சின்னப்புள்ளையா?"

"தெரிஞ்சுமா என்கிட்டக் கேட்டீங்க?"

"நீங்க சொல்லுதீகளான்னு பாத்தேன். சொல்லல. சரி, நாமளும் கேக்கவேண்டாம், கேட்டாத் தூக்கிட்டுப் போயிருவாகன்னு விட்டுட்டேன்."

"இப்பச் சொல்லிட்டேன். என்ன செய்யப்போறீங்க?"

"என்ன செய்ய? மஞ்சத்தண்ணி தெளிச்சுத் தொடைக்கச் சொல்லுதேன். ஊர்க்காரவுகளுக்கு நான் சொல்லிக்கிடுதேன். வைகாசியிலருந்து தூங்குதவரப் போயி, எந்திரிங்க சாமி, இது வேற ஆளு படுத்த கட்டிலுன்னு யாரு எழுப்புவா? நீங்க எழுப்புவீகளா?" எந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. "அந்தம்மா பேரச் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். மொல்லச் சொல்லுங்க."

மெல்லச் சொன்னேன். பிறகு துறைமுகக் காகிதங்களை நகல் எடுத்தேன். நகலை நான் வைத்துக்கொண்டு அசலை வரதனுக்குத் தபாலில் அனுப்பினேன். தபால்காரரை நம்ப எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அடுத்த சனிக்கிழமை வரதனிடமிருந்து படம் வந்தது. "மாத்தியாச்சுண்ணே. போதுமா பாருங்க" என்று குரல்.

உபயம், லிம் சியூ ஹூன், பினாங்கு. அதே மஞ்சள், அதே இடம். போனிலேயே எழுத்தை மாற்றிவிடும் காலம் இது. பழக்கதோஷத்தில் படத்தை முடிந்தவரை பெரிதாக்கிச் சுவரில் பல்லி இருக்கிறதா என்று தேடினேன், மாலை வாடியிருக்கிறதா என்று பார்த்தேன், ஒவ்வொரு எழுத்தின் விளிம்பையும் பார்த்தேன். என் பெயர் இருந்த இடத்தில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த தடம் தெரிந்தது. கடைசி எழுத்திலிருந்து ஒரு சொட்டுப் பெயின்ட் கீழே இறங்கி, தேய்ந்த பூ ஒன்றின் மேல் காயாமல் நின்றது.

"போதும்லே" என்று வரதனுக்குச் சொல்லிவிட்டு, ஆன்ட்டி வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினேன்.